மலைக்குளிரில் எரிந்த மோட்டர்: ஒரு ரிமோட் பந்தயக் காரின் நிகழ்வு ஆய்வு

நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் நடுவே உள்ள ஒரு தோட்டத்தில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ரிமோட் பந்தயக் கார் ஓட்டுகிறார்கள். அவர்களுடைய காரில் ஒரே பருவத்தில் இரண்டு மோட்டர்கள் செத்துப் போயின. மூன்றாவதை மாட்டுவதற்கு முன் காரையும் பழைய மோட்டர்கள் இரண்டையும் என் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். தண்ணீர்ப் பம்பு, கிரைண்டர், தொழிற்சாலை மோட்டர் என்று வைண்டிங் (மோட்டருக்குள் செம்புக் கம்பி சுற்றும்) வேலை பார்ப்பவன் நான். கைக்குள் அடங்குகிற மோட்டராக இருந்தாலும் அது எரிகிற விதம் பெரிய மோட்டர் எரிகிற விதம்தான்.

வந்தவர்கள் சொன்ன முதல் வார்த்தை, "இந்தக் குளிருல மோட்டர் எப்படிண்ணே சூடாகும்? சாமான்தான் சரியில்ல." ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கம் கார் ஓட்டும் பிள்ளைகளும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். குளிர் தங்களைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் சூட்டை யாரும் அளப்பதே இல்லை. ஒரு நல்ல பிரஷ்லெஸ் (உள்ளே கரி பிரஷ் இல்லாத) மோட்டரின் விலை வீட்டில் ஒருவருடைய பல நாள் பேர்க்காசு, அதாவது தோட்டத்து நாட்கூலி. புறக்கோட்டைக் கடைகளில் கிடைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். அதனால்தான் பார்த்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

காரும் ஓடுபாதையும்

கார் 1/10 அளவு. நான்கு சக்கரமும் இழுக்கும், நடுவில் ஷாஃப்ட். பேட்டரியோடு எடை 1.7 கிலோ. 540 அளவு சென்சர் பிரஷ்லெஸ் மோட்டர், 3,300 கே.வி., அதாவது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3,300 சுற்று. பேட்டரி 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), 7.4 வோல்ட். மோட்டர் திருப்பும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியர் 70 பல், அதற்குப் பிறகு உள் கியர் விகிதம் 2.6. மோட்டர் தண்டில் மாட்டும் சிறு பல்சக்கரமான பினியன், காரோடு வந்தது 22 பல். வேகம் வேண்டும் என்று அதைக் கழற்றி 27 பல் போட்டிருந்தார்கள். காரோடு வந்த சக்கரம் தார் ரோட்டுக்கானது, விட்டம் 64 மில்லிமீற்றர். மண்ணில் பிடிக்காததால் 80 மில்லிமீற்றர் முள்ளுச் சக்கரம் மாட்டியிருந்தார்கள்.

ஓடுபாதை, தோட்டத்து மைதானத்தின் ஓரத்திலும் அதை ஒட்டிய, கைவிட்ட தேயிலை மலையிலும் போட்டது. கீழே 30 மீற்றர் அளவில் ஒரு நேர்ப்பகுதி. அதிலிருந்து பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏற்றம், உச்சியில் ஒரு கொண்டை ஊசி வளைவு, பிறகு இறக்கம். செம்மண்ணும் புல்லும் கலந்த தரை. சித்திரைப் பருவத்தில் மகாகஸ்தோட்டையில் நடக்கும் மலையேற்றக் கார் ஓட்டத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஏற்றமில்லாத பாதை அவர்களுக்குப் பாதையாகவே தெரியாது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அதனால் பாதையை மாற்றச் சொல்லவில்லை, காரை அந்தப் பாதைக்குப் பொருத்துவது என்று முடிவெடுத்தோம்.

செத்த மோட்டர்கள் காட்டியது

முதல் மோட்டர் சுற்றியது, மணமும் இல்லை. ஆனால் விரலால் தண்டைத் திருப்பியபோது காந்தம் விட்டு விட்டு இழுக்கும் அந்தத் தடக்குப் பிடிப்பு மிகவும் தளர்ந்திருந்தது. பக்கத்தில் புது மோட்டரை வைத்துத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்கே தெரிந்தது. சுமையில்லாமல் ஓடவிட்டபோது பழையது புதியதைவிட வேகமாகச் சுற்றி, அதிக மின்னோட்டமும் எடுத்தது. காந்தம் வலுவிழந்ததற்கு இவை தெளிவான அடையாளங்கள். உள்ளே சுற்றும் பாகமான ரோட்டரில் இருப்பது நியோடிமியம் காந்தம். அதன் சாதாரண ரகம் 80 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். உயர் வெப்பத்துக்கென்று செய்த ரகங்கள் 150 பாகையும் அதற்கு மேலும் தாங்கும். மலிவான மோட்டரில் எந்த ரகம் போட்டிருக்கிறார்கள் என்று பெட்டியில் எழுதியிருக்காது.

காந்தம் தளர்ந்தால் அத்தோடு போகாது. அதே இழுவைக்கு மோட்டர் இன்னும் கூடுதலான மின்னோட்டம் எடுக்கும், சூடு இன்னும் ஏறும், காந்தம் இன்னும் தளரும். செம்புக் கம்பியும் சேர்ந்துகொள்ளும். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் 0.39 சதவீதம் கூடுகிறது. 20 பாகையில் இருந்ததைவிட 100 பாகையில் 31 சதவீதம் அதிகம். ஒருமுறை எல்லையைத் தாண்டிய மோட்டர் பிறகு சீக்கிரம் போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது மோட்டரில் வார்னிஷ் கருகிய மணம் திறந்தவுடனே வந்தது. மூன்று வயர்களையும் ஒன்றோடொன்று தொடாமல் பிரித்து வைத்துவிட்டுத் தண்டைத் திருப்பினேன். அப்படியும் சேற்றுக்குள் திருப்புவதுபோல இறுக்கமாக இருந்தது. உள்ளே செம்புக் கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று அர்த்தம். இந்த மோட்டர்களின் வைண்டிங் தடை மிகமிகச் சிறியது என்பதால் சாதாரண மல்டிமீற்றர் இந்தக் கோளாறைக் காட்டாது. கையால் திருப்பிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

ஆக, சாமான் தரமா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டு மோட்டர்களும் சூட்டில்தான் போயிருக்கின்றன. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

குளிர் காற்றின் கணக்கு

எல்லாரும் நம்பும் அந்தக் குளிரை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில். கொழும்பில் 28 என்று வைத்துக்கொள்வோம். 12 பாகை லாபம் கையில் இருப்பதாகத் தோன்றும்.

ஆனால் சூட்டை எடுத்துக்கொண்டு போவது காற்று. நம்முடைய காற்று மெலிந்தது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியானது என்பதையும் சேர்த்துக்கொண்டால், கொழும்புக் காற்றைவிட நம் காற்று 17 சதவீதம் லேசாக இருக்கிறது. காற்று அடித்துக் குளிரும் ஒரு மோட்டரில் வெப்பம் வெளியேறும் வேகம் அதே அளவுக்குக் குறையாது, 10 முதல் 14 சதவீதம் வரை குறையும்.

இப்போது ஒரு மோட்டரை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் அது சுற்றுப்புறத்தைவிட 70 பாகை கூடுதலாகச் சூடாகிறது, அதாவது 98 பாகை. அதே மோட்டர், அதே வேலை, நுவரெலியாவில். வெப்பம் வெளியேறுவது 12 சதவீதம் குறைந்தால் அந்த 70, ஏறக்குறைய 80 ஆகும். 16ஐக் கூட்டினால் 96. நாம் 12 பாகை என்று நினைத்த லாபம் 2 பாகையாகச் சுருங்கிவிட்டது. இதில் இன்னொன்றும் உண்டு. மோட்டர் எவ்வளவு அதிகமாகச் சூடாகிறதோ அவ்வளவுக்கு மெலிந்த காற்றின் நட்டம் கூடும், குளிரின் லாபமோ அப்படியே நிற்கும். 90, 100 பாகை சூடேறும் மோட்டருக்கு மலைநாடு எந்தச் சலுகையும் தருவதில்லை.

இதற்கு மேல்தான் ஏற்றம் வருகிறது. 1.7 கிலோ கார் பத்துக்கு ஒன்று சரிவில் ஏற, தட்டையான தரையில் வேண்டிய இழுவைக்கு மேல் 1.7 நியூட்டன் வேண்டும். வெறும் எண்ணாகப் பார்த்தால் சிறியது. ஆனால் புல்லும் ஈர மண்ணும் ஏற்கெனவே சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. உச்சி வளைவில் கார் கிட்டத்தட்ட நின்று, மறுபடி வேகமெடுக்கிறது. மோட்டர் மெதுவாகச் சுற்றிக்கொண்டு பலமாக இழுக்கும் நேரம்தான் அதற்கு மிகக் கெட்ட நேரம். உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு அப்போது சூடாகவே போய்விடும்.

"இறக்கத்துல மோட்டருக்கு ஓய்வுதானே?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஓய்வு கிடைப்பதில்லை. இந்தக் காரில் பிரேக் என்று தனியாக ஒன்றும் கிடையாது, மோட்டரேதான் பிரேக். பிரேக் பிடிக்கும்போதும் மின்னோட்டம் அதே செம்புக் கம்பி வழியாகத்தான் ஓடுகிறது. இறக்கம் முழுவதும் பிரேக்கை அமுக்கிக்கொண்டு வருபவர், ஏற்றத்தில் ஏறிய சூடு ஆறுவதற்கு இடமே கொடுப்பதில்லை. ரிமோட்டை விட்டாலும் தானாகப் பிடிக்கும் ட்ராக் பிரேக் இந்தக் காரில் அதிகமாக வைக்கப்பட்டிருந்தது. அதை முதல் நாளே குறைத்துவிட்டோம்.

சூட்டைச் சரியாக அளப்பது

பிள்ளைகள் ஒருமுறை அளந்து பார்த்தோம் என்றார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியால். அது மனித உடம்புக்கானது, 43 பாகையை ஒட்டியே அதன் எல்லை முடிந்துவிடும். இதற்கு வேண்டியது தொழிற்பட்டறைகளில் வைத்திருக்கும் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பளபளப்பான அலுமினிய உறையை நேராகப் பார்த்து அளந்தால் உண்மையான சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டும். பளபளப்பான உலோகம் தன் வெப்பக் கதிரைக் குறைவாக வெளியிட்டு, சுற்றியுள்ள குளிர்ந்த பொருள்களின் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. மூன்றாவது மோட்டரை மாட்டி, ஐந்து நிமிட ஓட்டம் முடிந்ததும் உறையை நேராக அளந்தேன், 50க்குச் சற்று மேல். அதே மோட்டரில் ஒட்டியிருந்த சிறு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அளந்தேன், 94. பிள்ளைகளின் முகம் மாறியது அப்போதுதான்.

நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்து அதே டேப்பில் 100ஐத் தாண்டியது. ஓட்டம் நின்றதும் காற்று நிற்கிறது, உள்ளே செம்பிலும் ரோட்டரிலும் சேர்ந்திருந்த சூடு அதன் பிறகுதான் உறைக்கு வந்து சேர்கிறது. அப்படியென்றால் ஓடும்போது உள்ளே இருந்தது 94 அல்ல, அதைவிட நிறையக் கூடுதல். அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் உறையின் சூடு 70, மிஞ்சினால் 80க்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள். இந்தக் காருக்கு நான் வைத்த இலக்கு 65.

சென்சர் மோட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 6 கம்பியுள்ள சென்சர் வயரில் ஒரு கம்பி மோட்டருக்குள் இருக்கும் வெப்ப உணரிக்கானது. மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவியை ஈ.எஸ்.சி. என்பார்கள். சில ஈ.எஸ்.சி.களில் குறிப்பிட்ட சூட்டில் மோட்டரை நிறுத்தும்படி அதை வைத்து எல்லை போடலாம். இந்தக் காரின் ஈ.எஸ்.சி.யிலும் அந்த வசதி இருந்தது, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது அளவுகோல் சார்ஜர். இதை எல்லாரும் செய்யவேண்டும் என்று நான் விரும்புகிறேன், செலவே இல்லை. நிறைந்த பேட்டரியோடு சரியாக ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு சார்ஜில் போட்டு, மீண்டும் நிறைய எவ்வளவு மில்லி அம்பியர் மணி உள்ளே போனது என்று பாருங்கள். இந்தக் காருக்கு 1,900 போனது. ஐந்து நிமிடம் என்பது மணியில் 12இல் ஒரு பங்கு, ஆகவே சராசரி மின்னோட்டம் 1.9 பெருக்கல் 12, கிட்டத்தட்ட 23 அம்பியர். மோட்டரைத் தொடாமலே, அது எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று இந்த எண் சொல்லிவிடும். காலநிலையும் வெயிலும் இதைக் குழப்புவது குறைவு.

ஃபேன் போட்டால் போதுமா?

பிள்ளைகள் வந்ததே ஃபேன் வாங்கலாமா என்று கேட்கத்தான். அதனால் எதையும் மாற்றாமல், 30 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்றை மட்டும் மோட்டருக்கு மேலே வைத்து ஓட்டிப் பார்த்தோம். 94இல் இருந்து 87. ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பதில் எட்டு நிமிடம் ஓட்டியதும் பழைய சூடு திரும்பிவிட்டது. சார்ஜர் எண்ணில் அசைவே இல்லை. அசையாதுதானே, ஃபேன் சூட்டை அள்ளிப் போடுகிறதே தவிர, சூடு பிறப்பதைக் குறைக்கவில்லை. ஃபேனைக் கழற்றிப் பெட்டியில் வைத்தோம். கடைசியில்தான் மறுபடி எடுத்தோம்.

இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சூட்டை முதலில் அது பிறக்கும் இடத்தில் குறைக்கவேண்டும். வெளியேற்றுவது அதற்குப் பிறகு. மெலிந்த காற்றில் ஓட்டுகிற நமக்கு இந்த ஒழுங்கு கொழும்புக்காரர்களைவிட முக்கியம், ஏனென்றால் வெளியேற்றும் வேலையில் நம் காற்றுக்குப் பலம் குறைவு.

ஒவ்வொன்றாக மாற்றியது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதே பாதை, அதே ஓட்டுநர், அதே ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம்.

மோட்டரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றியபோது அது உடனே நின்றுவிட்டது. பின்பக்க பெயாரிங் ஒன்று செம்மண் நீர் புகுந்து துருப்பிடித்திருந்தது. பினியனும் ஸ்பரும் இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தன. பெயாரிங்கை மாற்றினோம். மெல்லிய தாள் துண்டு ஒன்றைப் பல்லுகளுக்கிடையே கொடுத்து மோட்டரை நெருக்கி, ஸ்குரூவை இறுக்கி, தாளை எடுத்துவிட்டோம். 94 போய் 89 ஆனது.

அடுத்து டைமிங், அதாவது சுருள்களுக்கு மின்சாரம் எவ்வளவு முன்கூட்டிப் போகிறது என்ற அளவு. மோட்டரின் பின்மூடியைத் திருப்பி டைமிங்கை உச்சத்துக்கு வைத்திருந்தார்கள். உச்ச வேகம் கூடும், ஆனால் மின்னோட்டமும் கூடும். 30 மீற்றர் நேர்ப்பகுதியில் அந்த உச்ச வேகத்தை எட்டவே இடமில்லை. நடு அளவுக்குக் கொண்டுவந்ததும் 84.

பிறகு பினியன். இங்கேதான் பெரிய பங்கு இருந்தது, அதனால் கணக்கோடு சொல்கிறேன். மோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும்போது கார் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை ரோல்அவுட் என்பார்கள். சக்கரத்தின் சுற்றளவை மொத்த கியர் விகிதத்தால் வகுத்தால் வரும். கார் கடையிலிருந்து வந்தபோது 70ஐ 22ஆல் வகுத்து 2.6ஆல் பெருக்கினால் விகிதம் 8.27. 64 மில்லிமீற்றர் சக்கரத்துக்குச் சுற்றளவு 201. ரோல்அவுட் 24.3 மில்லிமீற்றர். பிள்ளைகள் 27 பல் போட்டபோது விகிதம் 6.74 ஆனது. சக்கரமும் 80 ஆனதால் சுற்றளவு 251. ரோல்அவுட் 37.3. ஒன்றரை மடங்குக்கு மேல். பினியனை மாற்றியது அவர்களுக்குத் தெரியும். சக்கரத்தை மாற்றியதும் கியரை மாற்றியதற்குச் சமம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அந்தக் கணக்கில் கார் தாளில் மணிக்கு 55 கிலோமீற்றர் அளவில் போகும். அந்தப் பாதையில் அதில் பாதியைத் தாண்டுவதே அபூர்வம். அதாவது மோட்டர் தன் வாழ்நாளெல்லாம் குறைந்த சுற்றில், நிறைந்த சுமையில் கிடந்தது.

22 பல்லுக்குத் திரும்பியதும் ரோல்அவுட் 30.4, சூடு 75. 19 பல் போட்டதும் ரோல்அவுட் 26.2, சூடு 68. ஏன் இவ்வளவு இறக்கம்? கார் தரையைத் தள்ளும் அதே பலத்துக்கு மோட்டர் தரவேண்டிய முறுக்குவிசை ரோல்அவுட்டோடு சேர்ந்து குறைகிறது. 37.3 போய் 26.2 என்றால் முறுக்குவிசையும் அதற்கான மின்னோட்டமும் 30 சதவீதம் குறைவு. செம்பில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அது ஏறக்குறைய பாதியாகிவிடும். மொத்தச் சூடு பாதியாகாததற்குக் காரணம், வேகமாகச் சுற்றும்போது இரும்புத் தகடுகளில் பிறக்கும் சூடு கொஞ்சம் கூடுகிறது. அதனால் பினியனைக் கண்ணை மூடிக்கொண்டு சின்னதாக்கிக்கொண்டே போகவும் கூடாது. நேர்ப்பகுதியின் கடைசியில் மோட்டர் உச்சச் சுற்றில் கத்திக்கொண்டு நின்றால் அளவு தாண்டிவிட்டது.

வேகம் போய்விடும் என்று பயந்தார்கள். சுற்று நேரம் கூடவில்லை. உச்சி வளைவிலிருந்து கார் வெளியேறுவது முன்னைவிடத் துடிப்பாக இருந்தது. ரிமோட் பிடித்திருந்த தம்பிக்கு அந்த வளைவில் எல்லாரையும்விட முன்னால் போக முடிந்தது. அதற்குப் பிறகு 27 பல்லைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடைத்து வைத்த மேலோடு

நம் ஊரில் தூறலும் பனிமூட்டமும் எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பயந்து மேலோட்டின் கண்ணாடி இடங்களை டேப்பால் ஒட்டி, அடிப்பக்கத்தைச் சுற்றிப் பொலித்தீன் கட்டியிருந்தார்கள். தண்ணீர் உள்ளே போகவில்லை, உண்மைதான். சூடும் வெளியே போகவில்லை. ஃபேன் மட்டும் வைத்தபோது ஏன் பலன் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே இருந்த அதே சூடான காற்றைத்தான் அது திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது.

தண்ணீருக்குப் பயப்படவேண்டியது ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவரும், முன் சக்கரத்தைத் திருப்பும் சர்வோவும். ரிசீவரை மட்டும் ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டிவிடலாம், அது சூடாகாத சாமான். ஈ.எஸ்.சி.யை அப்படிக் கட்டக்கூடாது, அதற்கும் காற்று வேண்டும். நனைந்தாலும் தாங்கும் ரகமா என்று பார்த்து வாங்குவதுதான் வழி. பிரஷ்லெஸ் மோட்டர் சில துளிகளுக்குப் பயப்படாது. ஓட்டம் முடிந்து துடைத்து, பெயாரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரி.

முன் கண்ணாடியின் கீழ்ப்பகுதியை வெட்டித் திறந்தோம். பின்னால் அதைவிடப் பெரிதாக, பின் கண்ணாடியும் பம்பருக்கு மேலான பகுதியும் சேர வெட்டினோம். காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் பெரிதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தேங்கும். முன் வாயில் சேறு தெறிக்காமல் இருக்க நுளம்பு வலைத் துண்டு ஒன்றை ஒட்டினோம். 68 போய் 62. இலக்கைத் தாண்டியாயிற்று. பெட்டியில் கிடந்த ஃபேனை இப்போது எடுத்து, மோட்டர் உறையில் கிளிப்பாக மாட்டும் ஹீட் சிங்க்கும் இடையே வெப்பப் பசையும் சேர்த்து, காற்று மோட்டரை நோக்கி அடிக்கும்படி வைத்தோம். 55.

அதே ஐந்து நிமிட ஓட்டத்துக்குச் சார்ஜரில் திரும்பப் போனது 1,350 மில்லி அம்பியர் மணி. சராசரி 16 அம்பியர். ஒரே பேட்டரியில் முன்னைவிட நீண்ட நேரம் ஓட்ட முடிந்ததில் பிள்ளைகளுக்கு வந்த சந்தோஷம், மோட்டர் பிழைத்ததில்கூட வந்ததா தெரியவில்லை.

ஓட்டுபவரின் விரலும் பீலித் தண்ணீரும்

எல்லாம் முடிந்த பிறகு ஓட்டுநரை மாற்றிப் பார்த்தோம். அதே கார், அதே பாதை, இன்னொரு தம்பி. 61. வளைவிலிருந்து வெளிவரும்போது அவர் த்ரொட்டிலை ஒரேயடியாக முழுதாக அமுக்குகிறார். சக்கரம் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்க, மோட்டர் முழு மின்னோட்டமும் எடுக்கிறது. மற்றவர் படிப்படியாக ஏற்றுகிறார். ஈ.எஸ்.சி.யில் பஞ்ச் என்ற அமைப்பைக் குறைத்தால் இந்த அவசர விரலுக்கு ஓரளவு கடிவாளம் போடலாம். குறைத்துக் கொடுத்தேன்.

ஓட்டங்களுக்கு இடையே சூடான மோட்டரைப் பீலியில், அதாவது தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில், பிடிக்கும் பழக்கம் இவர்களிடம் இருந்தது. இதை உடனே நிறுத்தச் சொன்னேன். பீலித் தண்ணீர் பனிக்கட்டிபோலக் குளிர்ந்தது. வெளி உறை சட்டென்று ஆறிவிடும், தொட்டால் சில்லென்று இருக்கும். ஆனால் காந்தம் இருப்பது உள்ளே சுற்றும் ரோட்டரில். அதன் சூடு நடுவில் உள்ள காற்று இடைவெளியையும் பெயாரிங்குகளையும் கடந்துதான் வெளியேற முடியும், அதற்கு நேரம் வேண்டும். கை ஏமாந்து, காந்தம் கொதிக்கும்போதே அடுத்த ஓட்டத்துக்கு விட்டுவிடுவார்கள். பெயாரிங் துருப்பிடித்ததற்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கும் என்றே நினைக்கிறேன். மேலோட்டைக் கழற்றி வைத்து, ஃபேனை ஓடவிட்டு, கறுப்பு டேப்பில் 35 பாகைக்குக் கீழே வரும்வரை பொறுக்கவேண்டும். நம் குளிர் உண்மையிலேயே உதவுவது அந்த இடைவேளையில்தான்.

பிரஷ் மோட்டர் வைத்துள்ள தம்பிமாருக்கும் மேலே சொன்ன ஒழுங்கு அப்படியே பொருந்தும். கூடுதலாகப் பிரஷ் தூளைத் துடைப்பதையும், புது மோட்டரைக் குறைந்த வோல்ட்டில் சுமையில்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிரஷ்ஷைப் படிய வைப்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது மோட்டர் சித்திரைப் பருவம் முழுவதும் ஓடியது. பருவம் முடிந்ததும் கழற்றிப் பார்த்தேன். வார்னிஷ் நிறம் மாறவில்லை, தண்டைத் திருப்பினால் காந்தத்தின் பிடிப்பு புதிதில் இருந்த அதே பிடிப்பு. சென்சர் வழியாக மோட்டரை நிறுத்தும் எல்லையையும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அவர்கள் கொழும்பில் தட்டையான தார்த் தளத்தில் ஓட்டப் போகிறார்கள். அங்கே 64 மில்லிமீற்றர் சக்கரம் மாட்டவேண்டும். 19 பல் பினியனை அப்படியே விட்டால் ரோல்அவுட் 21க்கு இறங்கி, மோட்டர் நீளமான நேர்ப்பாதையில் உச்சச் சுற்றிலேயே நிற்கும். 24 பல் போட்டால் ரோல்அவுட் 26.5, மலையில் ஓடிய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அங்கே காற்று அடர்த்தி, ஆனால் 28 பாகை. இரண்டு பினியனையும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். முதல் ஓட்டத்தை மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தி, டேப்பில் அளந்து, எண்ணைச் சொன்ன பிறகே அடுத்ததை ஓட்டவேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.